42 மில்லிமீட்டர்

டிராக் சைக்கிளின் கிராங்க் செட்டும் ரோடு சைக்கிளின் கிராங்க் செட்டும் எதில் வேறுபடுகின்றன என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது போல்ட் வட்டத்தின் விட்டத்தை. டிராக்கில் 144 மி.மீ., ரோட்டில் 130 அல்லது 110. தகவல் சரிதான். ஆனால் வேறுபாட்டின் வேர் அங்கே இல்லை. 1980-களின் நடுப்பகுதி வரை கம்பன்யோலோ நிறுவனத்தின் ரோடு கிராங்குகளும் இதே 144 அளவில்தான் வந்தன. அந்த வட்டத்தில் 41 பல்லுக்குக் குறைந்த செயின் வீலை மாட்ட இடமில்லை. மலை ஏறுகிறவர்களுக்கு அதைவிடச் சிறிய வீல் தேவைப்பட்டதால் ரோட்டில் வட்டம் சுருங்கிக்கொண்டே போய், 50-34 பல் ஜோடிக்காக 110 வரை வந்துவிட்டது. வெலோட்ரோமில் ஏற மலை கிடையாது. அதனால் பழைய அளவு அங்கேயே தங்கிவிட்டது. வேரைத் தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஓடும்போது செயின் பக்கவாட்டில் நகருமா, நகராதா?

ரோடு சைக்கிளில் அது நகர்ந்தே ஆக வேண்டும். முன்னால் இரண்டு வீல், பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரங்கள். செயின் நேராக ஓடும் நேரம் குறைவு, சாய்ந்து ஓடும் நேரம் அதிகம். நெடுங்காலம் வழக்கில் இருந்த 43.5 மி.மீ. என்னும் ரோடு செயின் லைன் (ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயினின் தூரம்) இரண்டு வீல்களுக்கும் நடுவே உள்ள ஒரு கணக்குப் புள்ளி. அந்தப் புள்ளியில் எந்தச் செயினும் ஓடுவதில்லை. உள் வீல் ஏறக்குறைய 41-இலும் வெளி வீல் 46-இலும் நிற்கும். இடையில் வரும் சாய்வைக் கியர் மாற்றியின் ஸ்பிரிங்கும், வளைந்து கொடுக்கும் மெல்லிய செயினும் தாங்கிக்கொள்கின்றன. டிராக்கில் அப்படித் தாங்கிக்கொள்ள எதுவுமே இல்லை. முன்னால் ஒரு வீல், பின்னால் ஒரு பல்சக்கரம், ஃப்ரீவீலும் கிடையாது. அதனால் செயின் லைன் முன்னே 42 மி.மீ. என்றால் பின்னேயும் 42.

ஒன்றரை மில்லிமீட்டருக்கா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் நானும் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். கொஞ்சம் சத்தம் வரும், பல் ஒரு பக்கமாகத் தேயும், அவ்வளவே. ஆனால் பிழை அந்த அளவோடு நிற்பது அரிது. ரோடு கிராங்கில் வெளி வீலின் இடத்திலேயே டிராக் வீலை மாட்டினால் விலகல் 4 மி.மீ. ஆகிவிடும். இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் இல்லாத செயின், அந்த விலகலோடு வேகத்தில் ஓடினால் பல்லை விட்டுக் கழன்றுவிடலாம். ஃப்ரீவீல் உள்ள வண்டியில் செயின் கழன்றால் நிறுத்தி மாட்டிக்கொண்டு போகலாம். ஃபிக்ஸட் வண்டியில் கழன்ற செயின் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

ஆகவே கிராங்க் செட் பொருத்தும் வேலை அளவுகோலில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேனரில் அல்ல. வழக்கமான ஸ்டீல் ஃபிரேமில் சீட் டியூபின் விட்டம் 28.6 மி.மீ.; அதில் பாதி 14.3. டியூபின் பக்கத்திலிருந்து செயின் வீல் பல்லின் நடு வரை 27.7 மி.மீ. இருந்தால் முன் செயின் லைன் சரியாக 42. பின்னால் டிராக் ஹப்பின் அகலம் 120, அதில் பாதி 60. ஃபிரேமைத் தொடும் லாக்நட்டின் முகத்திலிருந்து பல்சக்கரத்தின் நடு வரை 18 மி.மீ. இருந்தால் அதுவும் 42. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவதைவிட இந்த இரண்டு கழித்தலையும் நம்பலாம்.

கணக்கு ஒத்துவராதபோது பெரும்பாலும் காரணம் கிராங்கில் இருக்காது, பி.பி. (பாட்டம் பிராக்கெட்) அச்சில் இருக்கும். சதுர முனை அச்சுகளில் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று இரண்டு தரம் உண்டு. இரண்டுக்கும் சரிவு ஒன்றே, 2 டிகிரி. ஆனால் ஐ.எஸ்.ஓ. முனை சற்று மெலிந்தது. ஐ.எஸ்.ஓ. கிராங்கை அதே நீளமுள்ள ஜே.ஐ.எஸ். அச்சில் ஏற்றினால் ஏறக்குறைய 4.5 மி.மீ. வெளியே நின்றுவிடும். மாற்றி மாட்டினால் கிராங்க் அதே அளவு உள்ளே போகும். சரிவின் அடி வரை போய் முட்டிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு இருக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் தொல்லை. அச்சை மாற்றிச் சரிசெய்யும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இரு பக்கமும் சமமாக நீளும் அச்சில் 2 மி.மீ. கூட்டினால் செயின் லைன் 1 மி.மீ. மட்டுமே நகரும்.

வீல்களின் பல்லும் வேறு. ரோட்டின் வெளி வீலில் செயின் எளிதாக ஏறி இறங்குவதற்காகச் சில பற்களைக் குட்டையாக வெட்டியிருப்பார்கள். உட்பக்கத்தில் சரிவுகளும் ஊசிகளும் இருக்கும். செயினை விட்டுக்கொடுப்பதே அந்தப் பல்லின் வேலை. டிராக் வீலில் எல்லாப் பல்லும் ஒரே உயரம், பெரும்பாலும் 1/8 அங்குலச் செயினுக்கான தடிமன். அந்தச் செயின் 3/32 அங்குல வீலில் ஓடும். 3/32 செயின் 1/8 வீலில் உட்காராது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வீலின் மையம். ஐந்து போல்ட்டையும் ஒரேயடியாக முறுக்கிவிட்டுக் கிராங்கை மெல்லச் சுற்றிப் பார்த்தால், செயின் ஓரிடத்தில் விறைக்கும், இன்னோரிடத்தில் தொய்யும். போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினின் நடுவில் ஸ்பேனரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் வீல் ஒரு மயிரிழை நகரும். சுற்றுவதும் தட்டுவதும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவதுமாக நாலைந்து தடவை போனால் விறைப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். ரோடு வண்டியில் இந்த வேலைக்கு அவசியமே வராது. அங்கே ஸ்பிரிங் எல்லாவற்றையும் மூடிமறைத்துவிடும்.

கிராங்கின் நீளம் குறித்து ஒரு நியாயமான மறுப்பு உண்டு. டிராக்கில் 165, ரோட்டில் 170 முதல் 175 என்ற பழைய பிரிவினை இப்போது குலைந்துவருகிறது. ரோடு பந்தய வீரர் தடேய் பொகாச்சாரே ரோட்டில் 165 மி.மீ. கிராங்கோடு ஓட்டுகிறார். ஆனால் அவர் கிராங்கைச் சுருக்கியது இடுப்பு மடிப்பைத் திறக்கவும் குனிந்த நிலையில் வசதியாக மிதிக்கவும். டிராக்கில் காரணம் தரை. 250 மீட்டர் வெலோட்ரோமின் வளைவு ஏறக்குறைய 42 டிகிரி சாய்ந்திருக்கும், வண்டிகள் இடஞ்சுழியாகப் போகும். ஸ்பிரிண்ட் ஆட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக ஊரும்போது வண்டி நிமிர்ந்து நிற்கும். அப்போது மேட்டுப் பக்கமுள்ள வலது பெடல்தான் பலகையை உரசும். காலை நிறுத்திப் பெடலை உயர்த்திக்கொள்ள ஃபிக்ஸட் வண்டியில் வழியில்லை. எண் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால், பி.பி. உயரம் குறைந்த ரோடு ஃபிரேமில் 165 கிராங்கை மாட்டிவிட்டு வெலோட்ரோமில் இறங்கத் துணிந்துவிடுவோம்.

இன்னும் வலுவான மறுப்பு, இன்றைய ரோடு கிராங்குகள் பழைய சதுர முனைக் கிராங்குகளைவிட விறைப்பானவை, அவற்றையே டிராக்கில் போட்டால் என்ன என்பது. விறைப்பு உண்மை. ஆனால் வெளி பேரிங் வகையில் அச்சு பெரும்பாலும் வலது கிராங்கோடு சேர்ந்தே வருகிறது. அச்சை மாற்றிச் செயின் லைனை நகர்த்தும் வழி அதோடு அடைபட்டுப்போகிறது. பந்தயம் கட்டி நடக்கும் ஜப்பானிய டிராக் போட்டியான கெய்ரினில், சான்று முத்திரை பெற்ற சதுர முனைக் கிராங்குகளும் இன்னும் ஓடுகின்றன. அவை டிராக்குக்கு ஈடுகொடுக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ரோடு கிராங்கைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், 130 வட்டத்தில் வீலை உட்பக்கத்தில் மாட்டுங்கள், ஒற்றை வீலுக்கான குட்டை போல்ட்டுகளைப் போடுங்கள். செயின் லைன் 41 அளவில் வந்து நிற்கும். மீதமுள்ள ஒரு மில்லிமீட்டரைச் சரிசெய்ய, வீலுக்கும் கிராங்கின் கைக்கும் இடையே மெல்லிய வாஷர்களை வைக்கக் கூடாது; அவை வீலை இன்னும் உள்ளேதான் தள்ளும். பின் பல்சக்கரம் எங்கே நிற்கிறது என்று முதலில் அளந்துவிட்டு, முன் வீல், பின் பல்சக்கரம் இரண்டில் எதை நகர்த்துவது என்று முடிவெடுங்கள்.