கடலில்லாத கடற்படை

பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேசம் தேசமாகப் போய் வருவது என் பழைய பைத்தியம். டிக்கெட் செலவில்லை, பாருங்கள்! அப்படித்தான் ஒரு நாள் தென் அமெரிக்காவில் பொலிவியாவின் மேல் விரல் நின்றது. நாலு பக்கமும் நிலம். ஆனாலும் அந்தத் தேசத்துக்குக் கடற்படை உண்டு! டிட்டிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் ரோந்து சுற்றுகிறது. முதலில் சிரித்தேன். விஷயம் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தோபகாஸ்தா கடற்கரை ஒரு காலத்தில் அவர்களுடையது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உதவும் நைட்ரேட் உப்பை அங்கே சிலி தேசத்துக் கம்பெனி ஒன்று வெட்டி எடுத்தது. 1878-ல் அதன்மேல் குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ வரி போட்டார்கள். வரியை ஏற்றுவதில்லை என்று 1874-ல் ஒப்புக்கொண்டிருந்ததும் வாஸ்தவந்தான். வெறும் பத்துக் காசு! மறு வருஷமே சிலியின் படை வந்து இறங்கியது. யுத்தத்தில் கரை முழுவதும் போயிற்று. 1904-ல் அதை எழுதியும் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு அரிக்கா துறைமுகத்திலிருந்து லா பாஸுக்குச் சிலி ரயில் போட்டுக் கொடுத்தது. மலையைக் குடைந்து எடுத்த வெள்ளீயம் அந்நியன் துறைமுகத்தில்தான் கப்பலேற வேண்டும்.

1978-லிருந்து இரு தேசங்களுக்கும் முழுத் தூதரக உறவு கிடையாது. கடல்வழி பற்றிப் பேசியாக வேண்டிய கடமை சிலிக்கு இல்லை என்று 2018-ல் ஹேக் சர்வதேச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

"இன்னுமா அழுகிறார்கள்?" என்றான் என் பையன்.

வருஷந்தோறும் மார்ச் 23 அங்கே கடல் தினம். மாலுமி உடுப்பில், லா பாஸின் மலைத் தெருக்களில் அணிவகுத்துப் போகிறார்கள்.