முன்கதவில் ஒரு நாகசுரம்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஸ்டீரியோ விற்கும் கடைகளின் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்புவதென்றால், ஒரு சிறு காருக்குள் கல்யாண மண்டபத்துச் சத்தம் முழுவதையும் அடைத்துவிடலாம். ‘50 வாட் × 4’ என்பது அவற்றுள் மிக அடக்கமான எண். அது பிறந்த விதத்துக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். அழுத்தத்தை அதனாலேயே பெருக்கி நான்கால் வகுத்தால் 51.8 வாட். ஆனால் இது இசையலையின் தலையையும் காலையும் நறுக்கிச் சதுரமாக்கி, கரகரவென்று ஓடவிட்டால் கிடைக்கும் உச்சம். ஒழுங்கான அலைக்கு இதில் பாதிதான். சிதையாமல் கேட்க வேண்டுமென்றால் 15, மிஞ்சினால் 20 வாட். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டபின் அக்கடைத்தெருவில் நடப்பது ஒரு தனி இன்பம்.

எங்கள் கார் எட்டு வயதானது. தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த ஸ்டீரியோ இன்னமும் பழுதில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. பிறகு எதற்குப் பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கினோம் என்றால், வீட்டுப் பெரியவருக்காக. எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா, வயது எண்பத்தொன்று. 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் கச்சேரியைத் தம் பதினாறாம் வயதில் நேரில் கேட்டவர். காரில் ஏறியதும் இன்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தவர், இரண்டு ஆண்டுகளாக ‘அந்த இரைச்சலை நிறுத்துங்களேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தார். செவித்துணைக் கருவி வாங்கிக் கொடுத்தோம். ஓடும் காரில் அது காற்றையும் டயரையும் சேர்த்துப் பெருக்கியதால், கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். ‘அவருக்குத்தான் காது கேட்காதே’ என்று சொல்லி உறவினர்கள் அவர் தலைக்கு மேலாகப் பேசப் பழகிக்கொண்டார்கள். அவரும் பேச்சிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்தார். குலதெய்வக் கோயில் கும்பகோணத்தை அடுத்து இருக்கிறது. ஏறத்தாழ 300 கிலோமீட்டரை அந்த மௌனத்தோடு கடப்பது எங்களுக்குத் தாளவில்லை.

முதிர்ந்த காது முதலில் இழப்பது உச்ச அதிர்வெண்களை. ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் குரல் கேட்கும், சொல் புரியாது. சாலை இரைச்சலோ கீழ் அதிர்வெண்களில் திரண்டு நிற்பது. சத்தத்தைக் கூட்டினால், காகிதக் கூம்பும் சின்னக் காந்தமும் கொண்ட அந்தப் பழைய ஸ்பீக்கர் அடியில் குமுறுமே தவிர, மேலே காணாமற்போனதை மீட்டுத் தராது. ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது தெளிவு. கடைக்காரர்களோ எங்கு போனாலும் தொடுதிரையைக் காட்டினார்கள். திரை பாடாது.

நிற்க. பழைய ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டோம். முன்கதவுகளுக்கு மட்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், அவற்றுடன் தனியாக இரண்டு ட்வீட்டர்: 5,200 ரூபாய். வாங்கும்போது வாட் எண்ணைப் பார்க்காமல், சென்சிடிவிட்டி எத்தனை டெசிபல் என்று பார்த்தோம். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டுவது, ஆம்ப்ளிஃபையரின் திறனை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். பதினைந்து வாட்டை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துபவர்களுக்கு இது பெரிய விஷயம். ட்வீட்டர்களைக் கண்ணாடித் தூணின் அடியில், முகத்தைப் பார்க்கும்படி வைக்கச் சொன்னோம். உச்ச அதிர்வெண்கள் நேர்க்கோட்டில் செல்பவை, கணுக்காலை நோக்கிப் பாடினால் காதுக்கு வந்து சேரா.

மிகுந்த பயன் தந்தது 1,800 ரூபாய் டேம்பிங் ஷீட் என்பதே எங்கள் கட்சி. கார்க் கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. உள்தகட்டிலோ ஏகப்பட்ட ஓட்டைகள். கூம்பின் பின்புறம் கிளம்பும் அலை அவற்றின் வழியே வெளியேறி முன்புற அலையோடு மோத, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தார்போல் ஒட்டும் அந்த அலுமினிய ஷீட்டால் ஓட்டைகளை மூடியதும் அடித்தொனி தானாகத் திரும்பிவந்தது. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் மூடக்கூடாது. மூடினால் மழைநீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். அதே காரணத்தால், ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம் மரத்தூள் பலகையாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. கம்பியை வெட்டி முறுக்காமல் கப்ளர் வைத்து இணைத்தார்கள். வளையம், கப்ளர் 600, கூலி 1,200.

வேலை முடிந்ததும் பொருத்திய இளைஞர் தம் கைப்பேசியிலிருந்து ஏதோ ஒரு குத்துப்பாட்டை ஓடவிட்டுப் பெருமையோடு எங்களைப் பார்த்தார். முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தம் பாட்டைப் போடச் சொன்னார்: ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாகசுரமும் ஒன்றையொன்று துரத்துகிற பாட்டு. பாதிவரை கேட்டுவிட்டு, “தம்பி, எல்லாம் கேட்கிறது. ஆனால் அந்தம்மா எங்கே நின்று பாடுகிறார் என்றுதான் தெரியவில்லை” என்றார்.

இளைஞர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. எங்களிடம், “ஐயாவுக்குக் காது கொஞ்சம்…” என்று இழுத்தார்.

“முன்பு மோசமாக இருந்தாலும் ஓரிடத்தில் இருந்தது. இப்போது கலைந்து போயிருக்கிறது,” என்றார் பெரியவர், குரலை உயர்த்தாமல்.

அந்தப் பாட்டு மோனோ ஒலிப்பதிவு. இரு பக்கத்திலிருந்தும் ஒரே ஒலிதான் வரும். ஆகவே அது டாஷ்போர்டின் மேல், சற்று ஒருபுறம் சாய்ந்தாவது, ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசையை, இரு காதுகளையும் அது எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டே மூளை கணிக்கிறது. பெரியவரின் இரு காதுகளும் ஒரே அளவில் இழந்திருந்தது உச்சத்தைத்தான். கீழ்த்தளம் அவருக்கு அப்படியே இருந்தது. இளைஞர் நல்லவர், பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். ஒற்றை ஸ்பீக்கரில் தாளவாத்தியத்தின் அடி கனமாக விழுந்தது. இரண்டும் சேர்ந்ததும் மெலிந்தது. அவர் முகம் மாறிவிட்டது. வலக்கதவைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்க்கம்பியில் தொட்டார். வெளியே தள்ள வேண்டிய கூம்பு உள்ளே போயிற்று. கம்பிகள் இடம் மாறியிருந்தன.

மாற்றிப் பொருத்திப் பாட்டை மறுபடி போட்டபோது, பெரியவர் ஒன்றும் சொல்லாமல் டாஷ்போர்டின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். இளைஞர் கையைத் துடைத்துக்கொண்டு, “ஐயா, அந்தப் பக்கம் இன்னொரு வண்டி நிக்குது. அதையும் ஒரு தடவை கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். அவர் போனார், அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

பாட்டின் சொற்கள் எல்லாம் அவருக்கு இப்போதும் எட்டுவதில்லை. அதை எந்தக் கடையும் விற்பதில்லை. பின் ஸ்பீக்கர்களைத் தொடவில்லை. மீந்த 1,200 ரூபாயைக் காட்டி எங்கள் மகன் சப்வூஃபருக்கு அச்சாரம் போடச் சொல்கிறான். கும்பகோணப் பயணத்தில் பண்ருட்டி தாண்டியதும் பெரியவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பழைய கச்சேரியைப் பற்றி எங்களிடம் பேச வேண்டுமாம்.