கறள் வரும் பக்கம்

"இத வளைச்சுப் பாருங்க தம்பி." கட்டுக்கம்பித் துண்டொன்றைத் தந்தார் பட்டறைக்காரக் காக்கா. நூல்போல வளைந்தது. அடுத்துத் தந்த வேலிக்கம்பி விரலோடு மல்லுக்கு நின்றது. இரண்டும் ஒரே இனம்தான். காபன் கால் வீதத்துக்கும் குறைவு. ஆலையில் 5.5 மில்லிமீற்றர் கோலைச் சூடாக்காமலே அச்சுத் துளைகளில் இழுத்து மெலிய வைக்கிறார்கள். இழுக்க இழுக்க அது விறைக்கும். கட்டுக்கம்பியை மட்டும் உலையில் காய்ச்சி ஆறவிடுவதால் விறைப்பு இறங்கிவிடும்.

கல்முனையில் வலைக்கம்பி பின்னும் பட்டறை அது. தகரக் கூரை, கம்பிச் சுருள், ஒரு மோட்டார், நீளமான மேசை. சுருளிலிருந்து வரும் கம்பி, புரி வெட்டிய குழாய்க்குள் சுழலும் தட்டைத் தகட்டைச் சுற்றி நெளிநெளியாக வெளியே வருகிறது. வரும்போதே திருகாணிபோலச் சுழன்று, முன்னால் கிடக்கும் நெளிக்குள் கண்ணுக்குக் கண் புகுந்து கோத்துக்கொள்கிறது. அளவு வந்ததும் காக்கா வெட்டுகிறார். முனைகளைக் குறட்டால் மடித்துப் பூட்டுவது ஒரு பொடியனின் வேலை. பக்கத்து மருதமுனைத் தறிக்குப் பாவும் ஊடையும் வேண்டும். இங்கே ஊடையே இல்லை, ஒவ்வோர் இழையும் அடுத்த இழையைப் பிடித்துத்தான் நிற்கிறது.

பொடியனின் பெருவிரல் காய்த்து வெடித்திருக்கிறது. கையுறை போட்டால் பிடி நழுவுமாம். நழுவாத கையுறை ஒன்று அவனுக்குக் கிடைக்கத்தான் வேண்டும்.

காக்கா முன்பு கொங்கிறீட்டுக்குக் கம்பி கட்டியவர். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை அழித்த பிறகு, வீடு வீடாக வருடக்கணக்கில் கட்டினார். "இந்தக் கட்டுக்கம்பி பாரம் சுமக்காது தம்பி. கொங்கிறீட் இறுகுமட்டும் பெரிய கம்பிய அசையாமப் புடிச்சிருந்தாப் போதும். நுனிய மட்டும் உள்ளுக்கு மடக்கிரணும்." வெளிப்பக்கம் நீட்டி விட்ட நுனி கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடப் பருத்தது, கொங்கிறீட்டையே பிளக்கும். ஒரு முடிச்சில் நுனி எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று பூச்சு முடிந்தபின் யாரும் பார்க்கப்போவதில்லை. அவர் மடக்கியிருக்கிறார்.

வேலிக்கம்பிக்கு வருவோம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: 10 கேஜ் 3.25 மில்லிமீற்றர், 14 கேஜ் 2.03. மலிவென்று 14 வாங்கி என் வளவைச் சுற்றி அடித்தேன். மூன்றாம் மாரியில் கைபட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. தடிப்பைப்போலவே நாகப் பூச்சின் கனத்தையும் கேட்டிருக்க வேண்டும். நாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. வெட்டிய முனையைக்கூடச் சுற்றியுள்ள நாகம் காக்கும். உப்புக்காற்றில் அது வேகமாகத் தீரும்.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து, ஐம்பதடிச் சுருள் என்ன விலை என்றார். காக்கா விலை சொல்லவில்லை.

"வீடு எங்க மகன்? மெயின் ரோட்டுக்குக் கடல் பக்கமா, வட்டைப் பக்கமா?"