உயிர் பிழைத்த பின் தொடங்கும் மருத்துவம்

இலஞ்சியில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நோய் வந்தால் முதலில் தென்காசி. அதற்கும் மிஞ்சினால் திருநெல்வேலி. உயிரைக் காப்பாற்ற எங்கே ஓட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிழைத்து வீடு திரும்பியவர் மீண்டும் எழுந்து நடக்கவும், தம் கையால் உண்ணவும், ஒளுச் செய்து தொழவும் யாரை நாடுவது என்பதுதான் தெரிவதில்லை. எங்கள் மாமாவைப் பக்கவாதம் தாக்கியபோது இதனை நாங்கள் நேரில் அறிந்தோம்.

மருத்துவமனை அவர் உயிரைக் காத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டிற்கு அனுப்பும்போது கையில் தந்தது மாத்திரைச் சீட்டு மட்டுமே. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகிவிடும் என்றோ, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும் என்றோ யாரும் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டால் சரியாகும் என்றனர் சிலர். பொறுமையாக இருங்கள் என்றனர் பலர். எங்கள் உறவில் மருத்துவம் பயிலும் இளைஞர் ஒருவர் உண்டு. மூளையின் எந்த இரத்தக்குழாய் அடைபட்டது என்பதைத் தெளிவாக விளக்கினார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாமாவை எப்படி மாற்றுவது என்று கேட்டபோது மௌனமானார். குறை அவருடையதன்று, அந்தப் பாடம் நடக்கும் இடத்தை அவருக்கு யாரும் காட்டியதில்லை.

அந்தப் பாடத்திற்குப் பெயர் மறுவாழ்வு மருத்துவம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மேற்படிப்பாக எடுக்கும் தனித்துறை இது. பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், கை கால் இழப்பு, குழந்தைகளின் மூளை முடக்குவாதம் போன்றவற்றால் தளர்ந்தவர் தம் வாழ்வை மீண்டும் நடத்த வழி காண்பது இதன் வேலை. இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கைக்கால் செய்பவர், செவிலியர் ஆகியோரை ஒன்றிணைத்து வழிநடத்துபவர் இத்துறை மருத்துவர். நோயாளியிடம் இவர் கேட்கும் முதன்மையான கேள்வி, “நீங்கள் மறுபடியும் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?” என்பதே. பள்ளிவாசலுக்குச் சென்று ஜமாஅத்துடன் தொழ வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அதுவே சிகிச்சையின் இலக்காகிவிடும்.

இத்துறை தமிழகத்திற்குப் புதியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்தார். அதன்பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் பயின்று திரும்பி, வேலூரில் நாட்டிற்கே முன்னோடியான மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

எங்கள் ஊருக்கு அருகிலேயே இன்னொரு சான்றும் உண்டு. தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், இளமையில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்திற்குக் கீழ் செயலிழந்தவர். அவர் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வியும் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அளித்து வருகிறது. 2020இல் அவரும் பத்மஸ்ரீ பெற்றார்.

இவ்விருவரும் தம் உடலில் நேர்ந்த விபத்தின் வழியே மறுவாழ்வின் தேவையை அறிந்தவர்கள். ஒரு மருத்துவத் துறையை அறிந்துகொள்ள விபத்துதான் வாசலாக வேண்டுமா? மாணவப் பருவத்தில் கண்ணால் காணாத துறையைப் பின்னாளில் எவர் தேர்ந்தெடுப்பார்? வேறு துறையைத் தேர்பவரும், தம் நோயாளியை எப்போது, எங்கே அனுப்ப வேண்டும் என்பதை எப்படி அறிவார்? மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக் கூடியவர்கள் உலகில் ஏறத்தாழ 240 கோடிப் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த விதிகளில், இளநிலை மருத்துவக் கல்லூரிகளுக்கான கட்டாயத் துறைகளின் பட்டியலில் இத்துறைக்கு இடமில்லாமல் போயிற்று. துறையே இல்லாத கல்லூரியில் மாணவர் எதைக் காண்பார்?

பெரிய செலவில்லாமலே செய்யக்கூடியவை உள்ளன. பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் இரண்டு வாரங்களேனும் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கலாம். நெல்லையில் பயிலும் மாணவர்கள் ஆய்க்குடிக்கு வந்து பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் இயன்முறை மருத்துவருடன் ஒருநாள் நடந்தால், வாசற்படியின் உயரமும் கழிப்பறையின் அமைப்பும் நோயாளியின் விதியை எப்படித் தீர்மானிக்கின்றன என்பது புரியும். அதை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது.

நம் சமுதாயத்திற்கும் இதில் பொறுப்பு உண்டு. மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று எண்ணியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). சமுதாயத்தில் சிலரேனும் அக்கடமையை நிறைவேற்றாவிட்டால் அனைவரும் பொறுப்பாளிகள். எல்லோரும் ஒரே கல்வியில் குவிந்து, தேவையான மற்றொன்றைக் கைவிடுவதை அவர் தம் ‘இஹ்யா’வில் கண்டித்தார். இன்று நம் பிள்ளைகள் மருத்துவம் பயிலச் சென்றால் இதயம், கதிரியக்கம், தோல் என்ற சில துறைகளையே நாம் கனவு காண்கிறோம். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் இரக்கத்திற்குரியவராக ஒதுக்கி வைக்கவில்லை. பாங்கு சொல்லும் பணியையும், தாம் வெளியூர் செல்கையில் மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். மறுவாழ்வு என்பதன் பொருள் அதுவே.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மருத்துவம் பயிலும் பிள்ளை இருந்தால், விடுமுறையில் ஒருநாள் அருகிலுள்ள மறுவாழ்வு மையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் எந்தத் துறையைத் தேர்ந்தாலும், அந்த ஒருநாள் பல குடும்பங்களுக்கு வழி காட்டும், இன்ஷா அல்லாஹ்.