200 கிலோமீட்டரும் ஒரு பழைய ஹெர்குலிஸும்

ரொம்ப நாளா எழுத நினைச்ச விஷயம் இது. பி.காம். படிக்கிற பையன் எதுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 4 மணிக்கு எழுந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆந்திரா பார்டர் தாண்டி சைக்கிள் மிதிக்கிறான்னு கிளாஸில் எல்லாரும் கேட்கிறாங்க. "லவ் ஃபெயிலியரா மச்சி?" என்றுகூட ஒருத்தன் கேட்டான். அதெல்லாம் இல்லைங்க :-) இந்தக் கிறுக்கு எனக்குத் தானா வந்ததில்லை. சிலர் கொடுத்தது. அவங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல எங்க தெரு அண்ணன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது, ஸ்கூலில் கொடுத்த அரசு இலவச சைக்கிளில் சுத்திக்கிட்டிருந்த என்னை நிறுத்தி, "பழவேற்காடு வரைக்கும் வர்றியா தம்பி?" என்றார். பொன்னேரி வழியா போய் வந்தோம், சுமார் 70 கிலோமீட்டர். ரெண்டு நாள் சரியா உட்கார முடியலை. மூணாவது நாள் நானே அவர் வீட்டு வாசலில் போய் நின்னேன்.

பிரெவே பற்றிச் சொன்னதும் அவர்தான். இது ரேஸ் இல்லை. 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். அதுக்குள்ள முடிச்சா போதும். ஃபர்ஸ்ட், செகண்ட் கிடையாது. வழியில் பஞ்சர் ஆனா நாமே ஒட்டணும். இந்த நாலையும் ஒரே சீசனில் முடிச்சா 'சூப்பர் ரான்டனர்'. இதுக்கெல்லாம் தலைமை பிரான்ஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். 1891-இல் ஒரு ரேஸா ஆரம்பிச்ச பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இப்போ நாலு வருஷத்துக்கு ஒரு முறை நடக்குது. சுமார் 1200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். அண்ணனுக்கு அதுதான் கனவு. இப்போ எனக்கும்.

ரெண்டாவது, சைக்கிள் கடை பாய். செகண்ட் ஹேண்டில் வாங்கின என் ஹைபிரிட் சைக்கிளை ஒரு பார்வை பார்த்துட்டு, "முதல்ல பஞ்சர் ஒட்டக் கத்துக்க, அப்புறம் ஊர் சுத்து" என்றார். நாலு சாயங்காலம் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கலை.

மூணாவது எங்க அம்மா. அவங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கத்தோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. லட்சம் பெண்களுக்கு மேல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் போதாததால நிறைய பேர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினாங்க. அதில் ஒருத்தர் எங்க அம்மா, அப்போ வயசு 15. நான் லாங் ரைடு போறேன்னு சொன்னப்போ வீட்டில் பயப்படாத ஒரே ஆள் அவங்கதான். "விழுந்தா எந்திரிச்சு ஓட்டு. நாங்க விழாததா?" என்றாங்க.

கடைசியா அப்பா. இதை எழுதத்தான் கஷ்டமா இருக்கு.

அப்பா 16 வருஷம் சிப்காட்டுக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். அம்பத்தூரில் 1949-இல் ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸோட ஹெர்குலிஸ். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கும். நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் ஃப்ரெண்ட்ஸோட நின்னுக்கிட்டிருந்தேன். ஷிப்ட் முடிஞ்சு வந்த அப்பா என்னைப் பார்த்து சைக்கிளை ஸ்லோ பண்ணினார். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். அவர் பேசாம மிதிச்சுப் போயிட்டார். வீட்டிலும் அதைப் பத்திக் கேட்கலை.

போன பிப்ரவரியில் என் முதல் 200. மாதவரம் பக்கமிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பி, நாயுடுபேட்டை போய்த் திரும்பும் ரூட். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து எதிர்ல அடிச்சுது. 165-வது கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. சாயங்காலம் 5 மணி ஆகப் போகுது. கால் ரெண்டும் கட்டை மாதிரி. வீடு ரெண்டே கிலோமீட்டர். அப்படியே திரும்பிடலாம்னு சைக்கிளை ஓரம் கட்டினேன்.

அப்போ ஷிப்ட் முடிஞ்சு ஆட்கள் ரோடு கிராஸ் பண்ணிக்கிட்டிருந்தாங்க. அதில் ஏழெட்டு பேர் சைக்கிளில். எல்லா ஹேண்டில்பாரிலும் ஒரு பை.

காமர்ஸ் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக 9, வர 9. வருஷத்துக்கு 300 நாள்னு வெச்சாலும் 5,400 கிலோமீட்டர். 16 வருஷத்துக்கு 86,400. பூமியை ரெண்டு தடவை சுத்தின தூரம்! ஹெல்மெட் இல்லை, கியர் இல்லை, நைட் ஷிப்டில் எட்டு மணி நேரம் நின்னு வேலை செஞ்சதுக்கு அப்புறம். அந்தச் சம்பளத்தில்தான் என் காலேஜ் ஃபீஸ்.

தண்ணியைக் குடிச்சிட்டு ஏறி மிதிச்சேன். 7.05-க்கு முடிச்சேன், 25 நிமிஷம் மிச்சம்.

அக்கவுண்டன்சியில் முதல் பாடமே பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. நான் இத்தனை நாள் வாங்கினதை எங்கேயும் எழுதாமலே வெச்சிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பிரெவே கார்டை அப்பாகிட்ட காட்டினேன். முட்டி வலியால இப்போ அவர் கம்பெனி பஸ்ஸில்தான் போறார். கண்ணாடி போட்டு ஒவ்வொரு சீலா பார்த்தார். "இதுக்குப் பணம் தருவாங்களாடா?"

"இல்லப்பா, நாமதான் கட்டணும்."

ரொம்ப நேரம் சிரிச்சார். ஸ்டேஷன் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கணும்னு வாயைத் திறந்தேன். வரலை. அதுக்குள்ள அவர் எழுந்து போய் என் சைக்கிள் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பின்னாடி காத்து கம்மியா இருக்கு பாரு. இப்படியேவா ஓட்டிட்டு வந்தே?"

ஆமாம்ப்பா. அடுத்த 300-க்குக் காத்து நீங்களே பார்த்து அடிச்சு விடுங்க. அன்னிக்கு ஸ்டேஷனில் திரும்பிக்கிட்டதுக்கு மன்னிச்சிடுங்க.