4,300 ரூபாய் எங்கே போச்சு?

உல்லாஸ்நகரில் விலாசம் கேட்டால் முதலில் கேம்ப் நம்பர் வரும், அப்புறம் பேரக் நம்பர். இரண்டாம் உலகப்போர் கால ராணுவ முகாம் இது. 1947 பிரிவினைக்குப் பிறகு சிந்தி அகதிகளை இங்கே குடியமர்த்தினார்கள். 1949ல் ஊராகிப் பெயரும் வந்தது. பேரக் நம்பர் மாறினால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் கதைக்கு இது எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

இங்கே சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கல்வி உதவி நிதி நடத்துகிறோம். மாசம் 100, 200 என்று ரசீது போட்டு வசூல். ஜூனில் பள்ளி திறக்கும்போது கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு ஃபீஸ். பொருளாளர் ரிட்டயரான ஒரு பெரியவர். போன வருஷக் கணக்கில், ரசீதுத் தொகையைவிட வங்கியில் கட்டியது 4,300 ரூபாய் குறைவு என்று கம்ப்யூட்டர் சொன்னது. யாரும் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் வந்தால் பேச்சு நின்றுபோனது.

"சார், நீங்க பேங்க்காரர், கொஞ்சம் பாருங்களேன்" என்று லேப்டாப் என்னிடம் வந்தது. பழைய 32 பிட் மெஷின். அதில் சிக்வின். விண்டோஸில் யூனிக்ஸ் நிரல்களை ஓடவைக்கும் மென்பொருள், 1995ல் சிக்னஸ் நிறுவனத்தில் பிறந்தது. இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒரு பையன் அதில் மாசத்துக்கு ஒன்றாகக் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தான்.

மறுபடி ஓட்டினேன். 2,750 குறைந்தது. இன்னொரு தடவை: 6,100! இருபது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு இது போதும். கையாடிய தொகை எண்ணும்போதெல்லாம் மாறாது. பாஸ்புக்கை வாங்கி வரிவரியாகப் பென்சிலில் டிக் அடித்தேன். ஒரு பைசா குறையவில்லை.

அப்படியென்றால் கோளாறு எங்கே? திரையில் வேகமாக ஓடி மறைந்த வரிகளில் 'ஃபோர்க்' தோல்வி என்று இருந்தது. யூனிக்ஸில் ஒரு நிரல் தன்னையே நகலெடுத்துக் 'குழந்தை'யை உண்டாக்குவதுதான் ஃபோர்க். விண்டோஸின் வழக்கமான முறையில் அது கிடையாது. எப்போதும் புது நிரலாகத்தான் தொடங்கும். அதனால் சிக்வின் அதே நிரலை இன்னொரு முறை தொடங்கி, பெற்றோரின் நினைவகத்தை அதில் கொட்டுகிறது. பெற்றோரிடம் ஒரு டிஎல்எல் எந்த முகவரியில் இருந்ததோ, குழந்தையிடமும் அதே முகவரியில் இருக்க வேண்டும். நம்ம பேரக் நம்பர் மாதிரி! அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் குழந்தை பிறந்ததும் சாவு. அந்த மாசக் கணக்கு பாதியில் நிற்கும். அடுத்த ஸ்கிரிப்ட் இருப்பதைக் கூட்டிவிட்டுப் போய்விடும்.

உட்கார்ந்திருந்தது ஓர் ஆன்டிவைரஸ். ஓடும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தன் டிஎல்எல்லை நுழைத்துக்கொண்டிருந்தது. 32 பிட்டில் ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபி முகவரி இடம். சால் வீட்டு ஒற்றை அறைபோல நெரிசல்.

அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டேன். சிக்வின் ஜன்னல்களை எல்லாம் மூடி, 'ரீபேஸ்ஆல்' ஓட்டினேன். அது சிக்வின் டிஎல்எல்களுக்கு ஒன்றோடொன்று மோதாத முகவரி ஒதுக்கும். ஒரு மாசம் பாதியில் நின்றால் மொத்தமும் நிற்கும்படி ஸ்கிரிப்டையும் திருத்தினேன். பத்துத் தடவை ஓட்டியும் வித்தியாசம் பூஜ்யம்.

கூட்டத்தில் பழைய மூன்று பிரிண்ட்அவுட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெரியவர் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இனிமே ரசீது புக்கை வேற யாராவது வச்சுக்கட்டும்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மெஷினைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இதற்கு?

உங்கள் சங்கத்திலும் இப்படி ஒரு பழைய லேப்டாப் இருந்தால் 64 பிட்டுக்கு மாறிவிடுங்கள். சிக்வினே 2022ல் 32 பிட்டைக் கைவிட்டாயிற்று. விண்டோஸிலேயே லினக்ஸ் ஓட்ட 2016ல் டபிள்யூஎஸ்எல் வந்துவிட்டது, அதில் ஃபோர்க்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதுவரை, குறைகிறது என்று மெஷின் சொன்னால் யார் முகத்தையும் பார்க்குமுன் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.