கொள்ளிவாயும் கொல்லிப்பாவையும்

நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் நின்று கிழக்கே நோக்குவோர் கண்ணில் முதலிற் படுவது கொல்லிமலை. பகலில் அது நீலநிறமுடைய நெடுஞ்சுவர். அந்தி மயங்கியபின் கரியதொரு நிழல். கதிரவன் மறைந்து, வயல்களில் தவளைகள் குரலெழுப்பத் தொடங்கியதும் ஊரார் பேச்சும் பொழுதுக்கேற்ப மாறிவிடும். பகலெல்லாம் மழையைப் பற்றியும் மரவள்ளிக் கிழங்கின் விலையைப் பற்றியும் பேசியவர்கள், இருட்டியபின் ஏரிக்குள் எரியும் தீயைப் பற்றியும் மலைமேல் சிரிக்கும் பாவையைப் பற்றியும் பேசுவர். கேட்கும் சிறுவருக்கு அச்சம் ஒருபுறம். இன்னும் கேட்கவேண்டும் என்னும் ஆவல் மறுபுறம்.

இத்தகைய ஊர் ஒன்றில் வாழும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். திண்ணையில் பாட்டியின் அருகே அமர்ந்து அவன் கதை கேட்கிறான்.

“மழைக்காலம் கழிந்து ஏரி வற்றும் நாளில் சேற்றுக்குமேல் ஒரு தீ எழும். அருகே போனால் விலகும். திரும்பி நடந்தால் பின்னே வரும். அதுதான் கொள்ளிவாய்ப் பேய்” என்கிறாள் பாட்டி.

“பாட்டி, நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா?”

“நான் பார்த்ததில்லை கண்ணு. என் மாமியார் பார்த்தாராம்.”

“அவர் தம் கண்ணாலேயே பார்த்தாரா?”

பாட்டி சற்று நினைத்துப் பார்க்கிறாள். “இல்லை, ஏரிக்குக் காவல் இருந்தவர் அவரிடம் சொன்னாராம்” என்கிறாள்.

அச்சிறுவன் பாட்டியை இகழவில்லை. அவள் பொய் கூறினாள் என்றும் எண்ணவில்லை. ஆயினும், தமிழ்மொழி தன்னுள் வைத்திருக்கும் நுண்ணிய கருவி ஒன்று அவன் கைக்கு அகப்பட்டுவிட்டது. ‘பார்த்தார்’ என்பதற்கும் ‘பார்த்தாராம்’ என்பதற்கும் இடையே நிற்கும் ‘ஆம்’ என்னும் சிறு சொல்லே அது. கண்டதையும் கேட்டதையும் அது பிரித்துக் காட்டுகிறது. வியப்பான செய்தி எதைக் கேட்டாலும், அதில் எத்தனை ‘ஆம்’ ஒளிந்துள்ளன என்று எண்ணிப் பார்ப்பவன் ஆராய்ச்சியின் முதற்படியில் கால் வைத்தவனாகிறான்.

ஏரிக்குள் எழும் ஒளி வெறுங்கட்டுக்கதை அன்று. சதுப்பு நிலங்களில் அத்தகைய ஒளியைக் கண்டதாக உலகின் பல நாட்டு மக்களும் கூறிவந்துள்ளனர். சேற்றில் புதைந்த இலையும் தழையும் காற்றுப் புகாத இடத்தில் அழுகும்போது மீதேன் என்னும் வாயு உண்டாகிறது. 1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா, மாஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் கலத்தில் பிடித்து, அவ்வாயு தீப்பற்றி எரிவதைக் காட்டினார். பேயின் வாயில் எரிந்த கொள்ளிக்கு விறகு எது என்பது அன்று விளங்கிற்று.

ஆனால், அதற்குத் தீ மூட்டுவது எது? மீதேன் தானே பற்றிக்கொள்வதில்லை. சேற்றிலிருந்து எழும் பாஸ்பரசுச் சேர்மங்கள் அதைப் பற்றவைக்கலாம் என்று நெடுங்காலம் கருதி வந்தனர். 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் மற்றொரு வழியைக் காட்டினர். நீருக்குள் எழும் மீதேன் குமிழிகள் ஒன்றையொன்று நெருங்கும்போது, அவற்றிடையே மிக நுண்ணிய மின்பொறிகள் தோன்றுவதை அவர்கள் ஆய்வகத்தில் கண்டறிந்தனர். வோல்டா குமிழி பிடித்து ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழிந்தும் அவ்வொளியைப் பற்றிய ஆராய்ச்சி ஓயவில்லை. “அது பேய்” என்று சொல்லி எல்லோரும் வாளாவிருந்திருந்தால், இக்குமிழிகளின் வியப்பை எவரும் கண்டிருக்க மாட்டார்.

இனி, மலைமேல் இருக்கும் பாவையை நோக்குவோம். அசுரரைத் தன் சிரிப்பால் மயக்கி உயிர் கவரும் பொருட்டு அப்பாவை படைக்கப்பட்டது என்பது இன்றும் வழங்கும் கதை. கொல்லிப்பாவையைப் பற்றிய பழைய சான்றுகள் குறுந்தொகை, நற்றிணை முதலிய சங்க நூல்களில் உள்ளன. அவற்றை ஒப்புநோக்கினால் சுவையானதொரு செய்தி புலப்படும். பாவையைத் தெய்வம் எழுதியது என்கிறது ஒரு பாட்டு. பூதம் அமைத்தது என்கிறது மற்றொன்று. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் அழகு குன்றாத இயற்கைப் பாவை என்கிறது வேறொன்று. உயிரைக் கவரும் தன்மை குறிப்பாகச் சுட்டப்பட்டாலும், புலவர் பெரிதும் எடுத்துரைப்பது அதன் அழகையே. தலைவியின் எழிலுக்கு உவமை தேடிய புலவரின் உள்ளம் மலைமேல் ஏறி, அங்கே பாவையைக் கண்டது.

இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்துகள் அம்மலைக்கு ஏறிச் செல்கின்றன. மேலே வயல்களும் பலாமரங்களும் ஆகாய கங்கை அருவியும் உள்ளன. எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவையின் கோயில் என்று மக்கள் போற்றி வழிபடுகின்றனர். சிரிப்பொலி கேட்டு மாண்டவர் எவரும் இலர். அதனால் பாவை பொய்யாகிவிட்டாள் என்று கூறலாமா? உவமையை உவமையாகக் கொள்பவனுக்கு அவள் பொய்யாவதில்லை. உவமையைக் கண்ணாற் கண்ட சான்றாகக் கொள்பவனே ஏமாறுகிறான்.

கண்டவர் பொய் கூறாதபோதும், கண்டதற்கு அவர் இடும் பெயர் தவறாக இருத்தல் கூடும். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, இலடாக் எல்லையில் காவல் புரிந்த இந்திய வீரர்கள் வானில் ஒளிகள் இயங்குவதைப் பலமுறை கண்டு குறித்துவைத்தனர். அவை அயல்நாட்டின் ஒற்றறியும் விமானங்களோ என ஐயம் எழுந்தது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அறிஞர்கள் அக்குறிப்புகளை ஆராய்ந்து, அவ்வொளிகள் வியாழனும் வெள்ளியுமே எனத் தெளிந்தனர். சேலத்துக்கு வடகிழக்கே சவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தை நடத்துவதும் அந்நிறுவனமே. வீரர் கண்ட ஒளி மெய். அதற்கு இட்ட பெயரே பிழை.

அமெரிக்க வான்படையும் இத்தகைய செய்திகளைத் திரட்டியது. 1947 முதல் 1969 வரை கிடைத்தவை 12,618. அவற்றுள் பெரும்பாலானவை விண்மீன், விமானம், பலூன் போன்றவையே எனத் தெரிந்தன. 701 செய்திகளுக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. ‘பறக்கும் தட்டு’களை நம்புவோர் இந்த 701-ஐயே சான்றாகக் காட்டுவர். ஆனால், ‘விளக்கம் கிடைக்கவில்லை’ என்பதற்கு ‘வேற்றுலகிலிருந்து வந்தது’ என்பது பொருளாகாது. தெரியவில்லை என்பது ஒரு விடையன்று. விடைக்காகக் காத்து நிற்கும் வினா.

இவ்வாறு கூறியதும், “வியப்பான செய்தி எல்லாம் பொய்” என்று தள்ளிவிடச் சிலர் விரைவர். அதுவும் ஆராயாமல் அளிக்கும் தீர்ப்பே. வானிலிருந்து கற்கள் விழுகின்றன என்று சிற்றூர் மக்கள் கூறியபோது, ஐரோப்பிய அறிஞர் பலர் அதைப் பாமரர் கட்டிய கதை என்று நகைத்தனர். 1803-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் பிரான்சு நாட்டில் லேகிள் என்னும் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தன. அரசு அனுப்பிய பியோ என்னும் அறிஞர் ஊர் ஊராகச் சென்று பலரையும் வினவினார். கற்கள் கிடந்த இடங்களைக் குறித்தார். அவை அப்பகுதிக் கற்களினும் வேறுபட்டவை என்பதைக் கண்டார். ஊரார் சொல்லே உண்மையாயிற்று, நகைத்தவர் நாணினர். எனவே, உடனே நம்புபவனும் உடனே நகைப்பவனும் ஒரே பிழையைச் செய்பவர் ஆவர். இருவரும் ஏரிக்கரைக்குச் சென்று பார்ப்பதில்லை.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்கு உரிய பேச்சுத்தானே, தவறான பெயர் இட்டால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. ஒரு சிறுமி திடீரென விழுந்து, கைகால் வெட்டி இழுக்கத் துடிக்கிறாள். வீட்டார் அதற்குப் ‘பேய் பிடித்தது’ என்று பெயரிட்டால், வேப்பிலையும் சாட்டையும் வரும். ‘காக்கை வலிப்பு’ என்று அறிந்தால் மருத்துவர் வருவார். மூளை நரம்புகளின் மின்செயல் தடுமாறுவதால் உண்டாகும் நோய் அது. உரிய மருத்துவம் கிடைத்தால் அந்நோயாளருள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஏரியில் எரியும் ஒளிக்கு எப்பெயர் இட்டாலும் ஏரிக்கு வருத்தமில்லை. மனிதரின் துன்பத்துக்குத் தவறான பெயர் இட்டாலோ ஓர் உயிரே வாடும்.

இதனை நன்குணர்ந்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் பயிரியல் கற்பித்த ஆசிரியர் அவர். பேய் உறைவதாகக் கூறப்பட்ட வீடுகளுக்கும், பேய் பிடித்ததாகக் கூறப்பட்டவரிடத்துக்கும் நேரிற் சென்று ஆராய்ந்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் இயற்கையை மீறிய ஆற்றலைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை அப்பரிசை ஒருவரும் பெறவில்லை. எப்பொருளை எவர் சொன்னாலும் அதன் மெய்யைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த நெறி இதுவே அன்றோ?

மீண்டும் அச்சிறுவனிடம் வருவோம். மறுநாள் இரவு அவன் தன் தந்தையை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்கிறான். கையில் ஒரு விளக்கும் ஒரு குறிப்பேடும் உள்ளன. விளக்கை அணைத்துவிட்டு இருவரும் நெடுநேரம் அமர்ந்திருக்கின்றனர். தவளைகள் ஒலிக்கின்றன. கிழக்கே கொல்லிமலை இருளோடு இருளாய் நிற்கிறது. சேற்றில் குமிழிகள் எழுந்து உடையும் ஓசை கேட்கிறது. ஒளி ஒன்றும் தோன்றவில்லை. சிறுவன் நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்கிறான்.

வீட்டு வாயிலில் பாட்டி காத்திருக்கிறாள். “என்ன கண்ணு, பேயைப் பார்த்தாயா?” என்று கேட்கிறாள்.

“இன்று ஒன்றும் பார்க்கவில்லை பாட்டி. குமிழிகள் எழும் ஓசையை மட்டும் கேட்டேன். நாளையும் போய்ப் பார்ப்பேன்” என்கிறான் அவன்.

அவ்விடையில் ‘ஆம்’ என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை.